கோயில் ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருக்கக் கூடாது



அம்மன் அருளாலும் உங்க எல்லாருடைய ஒத்துழைப்பாலும் இந்த வருஷ ஆடித் திருவிழா நல்லபடியா நிறைவடைஞ்சது. உபயகாரர்களுக்கும், சமையல் குழுவுக்கும், வெயில்ல நின்னு வரிசையைப் பார்த்துக்கிட்ட தம்பி தங்கைகளுக்கும் முதல்ல எங்க நன்றி.

விழாவுக்கு வந்த நிறைய பேர் தொண்டர்கள் கைப்பேசியில நம்ம கோயில் படம் ஒன்னைப் பார்த்திருப்பீங்க. சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளின்னு அங்கங்க இருக்கும். "அது என்ன ஆப்? யார் செஞ்சு கொடுத்தாங்க? எவ்வளவு செலவு? எங்க கோயிலுக்கும் செய்ய முடியுமா?"ன்னு பக்கத்து ஆலயங்கள்ல இருந்தும் கேட்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா வாட்ஸ்அப் அனுப்புறதை விட இங்கயே எழுதிடலாம்னு தொண்டர் குழுவுல முடிவு பண்ணோம். கொஞ்சம் நீளமான பதிவு. சாயந்திரம் பூஜை முடிஞ்சு வந்து பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். இதை வெளியில காசு கொடுத்துச் செய்யல. எங்கள்ல யாரும் கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்ல. பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க, ரெண்டு பேர் லாரி ஓட்டுறவங்க, ஒருத்தர் பள்ளிக்கூட கேண்டீன் நடத்துறவர். எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச எங்களாலயே செய்ய முடிஞ்சதுன்னா எந்தக் கோயில்லயும் செய்யலாம். அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதறோம்.

ஏன் செஞ்சோம்னு சொல்லணும்னா, நம்ம வயர்மேன் ஐயாவைப் பத்திச் சொல்லாம முடியாது. பேர் போட்டா அவருக்குப் பிடிக்காது, அதனால போடல. பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துல வயரிங் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு கோயிலே வீடுன்னு இருந்தவர். எந்த சுவிட்ச் எந்த மண்டபத்துக்கு, எந்த வால்வை மூடினா எந்தக் குழாய் நிக்கும், எந்த ஓடு மழையில ஒழுகும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்னு தெரியணும்னா போன் போடுவோம். அவரும் "ஏண்டா, இது கூடத் தெரியாதா?"ன்னு ரெண்டு திட்டு திட்டிட்டுச் சொல்லிக் கொடுப்பார்.

போன வருஷம் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. வலது கை, வலது கால் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு. நாம பேசறது அவருக்கு நல்லாப் புரியும், ஆனா பதில் சொல்ல வாய் வராது.

அந்தத் திருவிழாவுல ரெண்டாம் நாள் அன்னதான நேரத்துல கழிப்பறைக்குப் பின்பக்கம் தண்ணி பைப் உடைஞ்சது. தண்ணி பந்தல் வரைக்கும் வந்துடுச்சு. இலை போட்டு உட்கார்ந்தவங்க எழுந்திரிக்க வேண்டியதாப் போச்சு. வால்வு எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. கோயிலைச் சுத்திச் சுத்தித் தேடினோம். கடைசியில மேல இருக்கிற டேங்கியையே அடைச்சோம். அப்புறம் ராத்திரி வரைக்கும் சமையல்கட்டுக்கு வாளியில தண்ணி தூக்கினாங்க. அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே சமையல்கட்டு அக்கா ஒரு வார்த்தை சொன்னாங்க: "கோயில் நம்ம எல்லாருக்கும் சொந்தம்னு சொல்றோம். ஆனா அது இருக்கிறது அந்த ஒரு மனுஷன் தலைக்குள்ள."

அந்த வார்த்தை எங்களை விடல.

ஃபேக்டரியில ஒவ்வொரு கதவுப் பக்கத்துலயும் ஒரு படம் மாட்டியிருப்பாங்க. நீங்க நிக்கிற இடம் இது, தீயணைப்பு உருளை இங்க, வெளியேற வழி அங்க, எல்லாரும் கூடுற இடம் இதுன்னு காட்டும். நேத்து வேலைக்குச் சேர்ந்த ஆளுக்கும் அது புரியும். ஆயிரக்கணக்கான பேர் வந்து போற கோயில்ல அந்த மாதிரி ஒன்னு ஏன் இல்லைன்னு யோசிச்சோம். சுவர்ல மாட்டுற படத்துல ஒரு சங்கடம் இருக்கு. அது மாறாது. வால்வு பழுதாச்சா, சக்கர நாற்காலி இப்ப எங்க இருக்குன்னு அது சொல்லாது. அதனாலதான் தட்டினா விவரம் சொல்ற படமா, கைப்பேசியில வேணும்னு முடிவு பண்ணோம்.

கோட் எழுதத் தெரியாதவங்களும் ஆப் செய்யறதுக்கு 'லோ-கோட்'னு சொல்ற கருவிகள் இருக்கு. மைக்ரோசாஃப்ட்டுக்கு பவர் ஆப்ஸ் இருக்கு. எங்கள்ல ஒருத்தர் ஃபேக்டரியில அதைப் பார்த்திருக்கார். ஆனா அதுக்கு கம்பெனி கணக்கோ பள்ளிக் கணக்கோ வேணும். கம்பெனி கணக்கைக் கோயில் வேலைக்கு எடுக்கிறது முறையில்ல, அது வேண்டாம்னுட்டோம். கூகளுக்கு ஆப்ஷீட்னு ஒன்னு இருக்கு. 2020-ல அதை கூகள் வாங்கிடுச்சு. சாதாரண ஜிமெயில் கணக்கும் ஒரு கூகள் ஷீட்டும் இருந்தாப் போதும். பத்து பேர் வரைக்கும் சோதனையாப் பயன்படுத்தக் காசு இல்ல. எங்க முக்கியத் தொண்டர்கள் ஒன்பது பேர்தான், அதனால எங்களுக்குச் சரியாப் போச்சு. அதுக்கு மேல ஆள் சேர்த்து முழுசாப் பயன்படுத்தணும்னா மாசக் கட்டணம் உண்டு. அதை முதல்லயே பார்த்துக்குங்க.

செய்முறை இதுதான்:

1. கோயில் படம். நிர்வாகத்து அலமாரியில பழைய கட்டட வரைபடம் இருந்தது. ஆனா பின்னால கட்டின சமையல்கட்டு, புது கழிப்பறை எல்லாம் அதுல இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை அளவு டேப் எடுத்துக்கிட்டு கோயில் முழுக்க அளந்தோம். அதை கூகள் ஸ்லைட்ஸ்ல கட்டம் கட்டமா வரைஞ்சு, படமா எடுத்து வச்சோம். தூண், படி, கதவு, வடிகால் இருந்தாப் போதும். கோபுரத்துச் சிற்பம் எல்லாம் வேண்டாம்.

2. பட்டியல். கூகள் ஷீட்ல ஒரு பொருளுக்கு ஒரு வரிசை. பேர், வகை, இடம், நிலை, கடைசியாப் பார்த்த தேதி, பொறுப்பாளர், ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

3. இடம். இதுதான் முக்கியம். ஆப்ஷீட்ல எக்ஸ்-ஒய்னு ஒரு வகைப் பத்தி இருக்கு. படத்துல குறுக்கே எத்தனை சதவீதம், நெடுக்கே எத்தனை சதவீதம்னு ரெண்டு எண். பின்னணியில நம்ம கோயில் படத்தைக் கொடுத்துட்டா, ஒவ்வொரு வரிசையும் படத்து மேல ஒரு புள்ளியா வந்து நிக்கும். புள்ளியைத் தட்டினா அந்த வரிசையில இருக்கிற விவரம் திறக்கும்.

4. நிறம். நிலை 'நல்லாயிருக்கு'ன்னா பச்சை, 'பழுது'ன்னா சிவப்பு. இதுக்கு ஆளுக்கொரு விதி எழுதினாப் போதும், ஒரே வரிதான்.

ஒரு எச்சரிக்கை. புள்ளி வச்ச பிறகு படத்தோட ஓரத்தை வெட்டாதீங்க. சதவீதக் கணக்கு மாறிடும், எல்லாப் புள்ளியும் இடம் நகர்ந்து போயிடும். நாலு மூலையையும் முதல்லயே முடிவு பண்ணிக்குங்க.

படம் தயாரானதும் ஆளுக்கொரு பேச்சு வந்தது. ஃபேக்டரி ஆளுங்க வால்வுக்கு 'வி-1, வி-2'ன்னு பேர் வைக்கலாம்னோம். சமையல்கட்டு அக்கா ஒத்துக்கல. "அவசரத்துல வி-2 எங்கன்னு யாருக்குத் தெரியும்? நாகம்மா புத்துக்குப் பின்னால இருக்கிறதுன்னா சின்னப் பிள்ளையும் ஓடிப்போய் நிக்கும்"னாங்க. யோசிச்சுப் பார்த்தா அது உண்மைதான். கோயில் ஏற்கெனவே ஒரு வரைபடம்தானே. கிழக்கு பார்த்த கோயில். கன்னிமூலையில விநாயகர், வாயு மூலையில முருகன், ஈசானியத்துல நவகிரகம், அக்கினி மூலையில மடப்பள்ளி. வடக்குப் பக்கம் கோமுகி. வாசல்ல முனீஸ்வரர். வருஷக்கணக்கா சுத்தி வந்த நம்ம காலுக்கு இது மனப்பாடம். அதனால எல்லாப் புள்ளிக்கும் சாமி பேரையோ மூலையையோ வச்சே பேர் வச்சோம். எண்ணையும் விடல. வால்வு மேல பெயிண்ட்ல எழுதி, அதே எண்ணை ஷீட்லயும் போட்டோம்.

குருக்கள் ஒன்னு கேட்டுக்கிட்டார். "மூலஸ்தானத்துக்குள்ள எந்தப் புள்ளியும் வேண்டாம். அங்க இருக்கிறதை நான் பார்த்துக்கறேன்." சரின்னு அந்த இடத்தை வெள்ளையாவே விட்டுட்டோம். உண்டியல் எண்ணுற அறை, நகைப் பெட்டி, கேமரா இருக்கிற இடம் இதெல்லாமும் ஆப்ல இல்ல. கைப்பேசி தொலைஞ்சு போகலாம், வேற யார் கையிலயாவது கிடைக்கலாம். மத்த ஆலயங்களும் இதை மனசுல வச்சுக்குங்க.

இப்ப படம் இருக்கு, பட்டியல் இருக்கு. ஆனா பட்டியலை நிரப்ப விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு பேச முடியாம வீட்டுல இருக்கார்.

கோயில் படத்தைப் பெரிய ஏ-3 தாள்ல அச்சடிச்சோம். அதுக்கு மேல குறுக்கே பத்து, நெடுக்கே பத்துன்னு கட்டம் போட்டோம். மொத்தம் நூறு கட்டம், பரமபத அட்டை மாதிரி. எந்தக் கட்டம்னு தெரிஞ்சா சதவீதத்தைப் படிச்சு எழுதிடலாம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஐயா வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில தாளை விரிச்சோம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இடது கையை நீட்டி நவகிரகத்தைத் தொட்டார், மடப்பள்ளியைத் தொட்டார், முனீஸ்வரரைத் தொட்டார். படம் சரியா இருக்கான்னு சோதிக்கிறார்னு புரிஞ்சுது. மடப்பள்ளிக் கதவை நாங்க தப்பான பக்கம் போட்டிருந்ததை விரலால காட்டித் திருத்தினார்.

அதுக்கப்புறம் நாங்க கேட்கக் கேட்க அவர் காட்டினார். "ஐயா, கழிப்பறைக்குப் போற தண்ணி வால்வு?" விரல் முனீஸ்வரர் பீடத்துக்குப் பின்னால போச்சு. நாங்க தேடின பக்கமே இல்ல அது. அங்க கல்லுப் பலகைக்கு அடியில இருந்துச்சு. "வசந்த மண்டபத்து சுவிட்ச் பெட்டி?" வாகன அறைக்குள்ள, கதவுக்குப் பின்னால. ஆமான்னா தலையாட்டுவார், இல்லைன்னா கையை அசைப்பார். நாலு ஞாயித்துக்கிழமை போனோம். மொத்தம் நாப்பத்தொரு புள்ளி. ஒவ்வொரு வாரமும் அவர் காட்டினதைக் கோயில்ல போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, அடுத்த வாரம் அவர்கிட்ட காட்டுவோம்.

மூணாவது வாரம், நாங்க கேட்காமலே அவர் ஒரு இடத்தைத் தொட்டார். தெற்குப் பக்கம், சமையல்கட்டைத் தாண்டி, சிமெண்ட் போட்ட வெத்து இடம். "இங்க ஒன்னும் இல்லையே ஐயா"ன்னோம். மறுபடியும் தொட்டார். "பைப்பா? வயரா?" இல்லைன்னு கையை அசைச்சார். கோபம் வந்துடுச்சு அவருக்கு. கண்ணு கலங்கிடுச்சு. பென்சிலை வாங்கி இடது கையால கோணல்மாணலா ஒரு வட்டம் போட்டார். யாருக்கும் புரியல. அடுப்படியில இருந்து வந்த அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, "அது கிணறுப்பா. தோட்டத்துக் காலத்துக் கிணறு. கோயிலை எடுத்துக் கட்டுறப்போ மேல பலகை போட்டு மூடிட்டாங்க"ன்னாங்க.

நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அப்பதான் எல்லாருக்கும் ஒன்னு ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் திருவிழா அன்னைக்கு ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சரியா அந்த இடத்துல போட்டு உட்காருவார். பந்தல் சாமான் லாரி வந்தா எழுந்திரிக்க மாட்டார். லாரி டிரைவர்கள் ஹாரன் அடிப்பாங்க. "வேற பக்கம் போ"ன்னு கையைக் காட்டுவார். வயசான காலத்துல பிடிவாதம்னு நாம சிரிச்சிருக்கோம். அவர் அங்க உட்கார்ந்து கிணத்தைக் காவல் காத்திருக்கார்.

போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியில. நாற்காலி இல்ல. லாரி அந்த இடத்துலதான் மூணு நாள் நின்னுச்சு.

அம்மன்தான் காப்பாத்தினா. வேற என்ன சொல்ல?

இப்ப அந்த இடத்தைச் சுத்தி நிர்வாகம் தடுப்பு போட்டாச்சு. கட்டடம் தெரிஞ்சவரைக் கூட்டிவந்து பார்த்து, புதுசாப் பலமான மூடி போடுற வேலை நடந்துக்கிட்டிருக்கு. ஆப்ல அதுதான் முதல் புள்ளி. மூடி வேலை முடியற வரைக்கும் அது சிவப்பாவே இருக்கும்.

படத்துல எல்லாத்தையும் ஒன்னா வச்சுப் பார்த்தப்போ இன்னொன்னும் தெரிஞ்சது. சமையல்கட்டுல 14 கிலோ கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த இடமும் வடிகால் வாயும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. சமையல் கேஸ் காத்தை விடக் கனமானது. கசிஞ்சா மேல போகாது, தரையோட தவழ்ந்து பள்ளத்துலயும் வடிகால்லயும் போய்த் தேங்கும். தீயணைப்பு உருளையோ சிலிண்டர்களுக்குப் பின்னால, சுவர்ல மாட்டியிருந்தது. தீ பிடிச்சா நெருப்பைத் தாண்டிப் போய்த்தான் எடுக்கணும். நேர்ல தினமும் பார்க்கிற இடம்தான், யாருக்கும் உறைக்கல. படத்துல மூணு புள்ளியும் ஒட்டிக்கிட்டு நின்னதும் பளிச்சுன்னு தெரிஞ்சது. இப்ப சிலிண்டர்கள் வெளிப்பக்கம், காத்தோட்டமான இடத்துக்குப் போயாச்சு. உருளை கதவுப் பக்கம் வந்தாச்சு.

கோமுகிப் பக்கமும் ஒரு புள்ளி உண்டு. அபிஷேகத் தண்ணி, பால், எண்ணெய் எல்லாம் அந்த வழியா வந்து தரை வழுக்கும். பெரியவங்க பிரதட்சணம் வர்ற வழி அது. அபிஷேகம் முடிஞ்சதும் அந்த இடத்தைத் துடைக்கிற பொறுப்பு ஒருத்தருக்குக் கொடுத்து, அவர் பேரையும் போட்டாச்சு.

இந்த வருஷம் ஆப் உதவிச்சா? மூணாம் நாள் ராத்திரி, ரதம் புறப்படுற நேரம் வசந்த மண்டபத்துல கரண்ட் போயிடுச்சு. பத்தொன்பது வயசுத் தம்பி ஒருத்தன், போன மாசம்தான் தொண்டுக்கு வந்தவன். படத்தைத் திறந்தான், புள்ளியைத் தட்டினான், போட்டோவுல எந்தப் பெட்டின்னு பார்த்தான், வாகன அறைக்குப் போய் விழுந்திருந்த சுவிட்சைப் பார்த்துட்டுப் பொறுப்பாளருக்குப் போன் பண்ணான். அஞ்சு நிமிஷத்துல விளக்கு வந்துடுச்சு. வரிசையில ஒரு அம்மா மயங்கினப்போவும் சக்கர நாற்காலியைத் தேடி யாரும் ஓடல. எங்க இருக்குன்னு தெரிஞ்சே போனாங்க. பெரிய அதிசயம் ஒன்னும் இல்ல. ஆனா யாரும் பதறல.

குறையும் சொல்லணும். கூட்டம் கூடினா லைன் கிடைக்காது. ஆப்ஷீட்ல லைன் இல்லாமலும் பார்க்கிற மாதிரி, படம் போட்டோ எல்லாம் கைப்பேசியிலயே சேமிக்கிற அமைப்பு இருக்கு. அதை முன்கூட்டியே போட்டு வைக்கணும். ஆனா ஒருத்தர் 'பழுது'ன்னு மாத்தினது மத்தவங்களுக்குப் போய்ச்சேர லைன் வேணும். அதனால அச்சடிச்ச படம் மூணை அலுவலகம், சமையல்கட்டு, பந்தல்ல மாட்டியிருக்கோம். தீ, உயிர் ஆபத்துன்னா ஆப்பைத் தேடாதீங்க. முதல்ல 999-க்கு அடிங்க.

இன்னொரு கேள்வியும் வந்தது. "சாமி இருக்கிற இடத்துக்கு எதுக்கு ஆப்? அவ பார்த்துக்க மாட்டாளா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். தப்பாக் கேட்கல, மனசாரக் கேட்டார். எங்களுக்குத் தோணினது இதுதான். அவ பார்த்துக்கிட்டாதான். இத்தனை வருஷம் ஒரு நாற்காலியில ஒரு மனுஷனை உட்கார வச்சு அவ பார்த்துக்கிட்டா. அந்த மனுஷன் எழுந்திரிக்க முடியாமப் போன பிறகு, அந்த இடத்துல நாம யாராவது உட்காரணும் இல்லையா?

ஐயா இப்ப கொஞ்சம் கொஞ்சமாப் பேசறார். திருவிழாவுல ரெண்டாம் நாள் சக்கர நாற்காலியில வந்து தரிசனம் பண்ணார். தெற்குப் பக்கம் தடுப்பைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொன்னார். "சரி"ன்னார். எங்களுக்கு அது போதும்.

இனி உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள்.

ஒன்னு, மத்த ஆலய அன்பர்களுக்கு. உங்க கோயில்லயும் இப்படி ஒரு ஐயாவோ அம்மாவோ கண்டிப்பா இருப்பாங்க. ஆப் அப்புறம் செஞ்சுக்கலாம். முதல்ல ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே அவங்ககிட்ட போங்க. அவங்களைக் கோயிலைச் சுத்தி நடக்க வச்சு, சொல்றதை எழுதிக்குங்க. அவங்க பேசற காலத்துலயே கேட்டுடுங்க.

ரெண்டாவது, நம்ம ஆலயப் பிள்ளைகளுக்கு. யாரும் போய்ப் பார்க்காத படம் சீக்கிரம் பொய்யாயிடும். மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூஜைக்கு முன்னாடி நாப்பத்தொரு இடத்தையும் சுத்திப் பார்த்து, தேதி மாத்தி, பழுது இருந்தா குறிக்கணும். ஒரு மணி நேர வேலைதான். இதுக்கு ரெண்டு பேர் வேணும். கம்ப்யூட்டர் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, வாட்ஸ்அப் தெரிஞ்சாப் போதும். விருப்பம் இருக்கிறவங்க ஆலய அலுவலகத்துல பேர் கொடுங்க. வயசு தடையில்ல.

அப்படியே ஐயாவோட உடல் நலத்துக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் அம்மனை வேண்டிக்குங்க.

அம்மன் துணை. ஓம் சக்தி 🙏

அன்புடன்,
ஆலயத் தொண்டர் குழு